49-ஆவது நாள்: செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். ஒரு தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியில் 11 ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தேன். திரையின் அடியில் ஓடுகிறதே ஸ்க்ரோல், அதை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனால் 2023 ஜூன் 2, வெள்ளிக்கிழமை இரவு நான் பணியில் இருந்தேன். அந்த இரவு தொடங்கிய ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்.

மாலை 7 மணியை ஒட்டி, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹானகா பஜார் ஸ்டேஷனில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. கொல்கத்தாவை ஒட்டிய ஷாலிமாரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த வண்டி. மெயின் லைனில் நேரே போயிருக்க வேண்டியது பக்கத் தடமான லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே இரும்புத் தாதுவுடன் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. தடம் புரண்ட பெட்டிகள், எதிர்த்திசையில் கடந்துகொண்டிருந்த பெங்களூரு - ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் சாய்த்தன. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் காயமடைந்தார்கள்.

எங்கள் டெஸ்க்கில் எழுந்த முதல் கேள்வி, தமிழர்கள் எத்தனை பேர் என்பது. அதைக் குறை சொல்லமாட்டேன். சென்ட்ரலில் உறவினர்கள் தவித்து நின்றார்கள். அவர்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை. ஆனால் அன்றிரவு என்னிடம் வந்து நின்றவன் தமிழன் அல்லன். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பரோட்டாக் கடை. அங்கே மாவு பிசைகிற பையன் மேற்கு வங்கத்தின் மேதினிபூர் பக்கத்துக்காரன். இரவு 11 மணிக்கு விரல் இடுக்கில் மாவு காய்ந்த கையோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டான். அவனுடைய பெரியப்பா மகன் கரக்பூரில் அந்த வண்டியில் ஏறியிருந்தான். சென்னையில் கட்டட வேலை. "அண்ணா, லிஸ்ட்டில் பெயர் இருக்கிறதா, பாருங்கள்" என்றான்.

என் கணினியில் பயணிகள் பட்டியல் இருந்தது. அது முன்பதிவு செய்தவர்களின் பட்டியல். அவன் அண்ணன் வந்ததோ முன்பதிவில்லாப் பெட்டியில். அந்தப் பெட்டிக்கு ஏது பட்டியல்? இதை அவனுக்கு விளக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. விளங்கிய பிறகும் அவன் போகவில்லை. "இன்னொரு தடவை பாருங்கள் அண்ணா" என்றான். பார்ப்பதுபோல் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் கட்டாக் மருத்துவமனை ஒன்றில் அவன் அண்ணனைக் கண்டுபிடித்தார்கள். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. அதற்குள், தமிழகத்தைச் சேர்ந்த யாரும் உயிரிழக்கவில்லை என்று அரசு அறிவித்திருந்தது. நல்ல செய்திதான், எங்கள் டெஸ்க்கே பெருமூச்சு விட்டது. மறுநாளே ஒடிசா போயிருந்த எங்கள் நிருபரைத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். நம் ஊருக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் செத்துக் கிடந்த இடத்திலிருந்து, நம் ஊர்க்காரர்கள் சாகவில்லை என்பதற்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். இந்தக் கூச்சம் எனக்கு இன்றும் போகவில்லை.

ஆசிரியர்களே, இனிச் சொல்லப்போவது நாள்கணக்கு. பொறுமையாகப் படியுங்கள்.

முதல் இரவு எல்லார் வாயிலும் ஒரே கேள்வி இருந்தது: எப்படி மோதியது? டீக்கடையில் அதைத்தான் கேட்டார்கள். எங்கள் ஸ்க்ரோலிலும் "சிக்னல் கோளாறா?" என்றே ஓடியது. ஜூன் 3 அன்று பிரதமர் சம்பவ இடத்துக்கு வந்தார். குற்றவாளிகள் கடுமையாகத் தண்டிக்கப்படுவார்கள் என்றார். விபத்து நடந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகாத நேரத்தில் அது குற்றமாகிவிட்டது. ஜூன் 4 அன்று ரயில்வே அமைச்சர், காரணமும் கண்டறியப்பட்டுவிட்டது, காரணமானவர்களும் கண்டறியப்பட்டுவிட்டார்கள் என்றார். அன்றைக்கே சிபிஐ விசாரணைக்குப் பரிந்துரை செய்தார்கள். விபத்தின் காரணத்தைக் கண்டறிய வேண்டிய ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சாட்சிகளை விசாரித்து முடித்திருக்கவில்லை. சிபிஐ என்ற மூன்றெழுத்து வந்ததும் என்னிடம் வந்த உத்தரவு, "சிக்னல் கோளாறா?" என்பதை எடுத்துவிட்டு "சதியா?" என்று போடும்படி. போட்டேன். கேள்விக்குறி இருக்கிறதே, நாம் எதையும் அடித்துச் சொல்லவில்லையே என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்த யாரும் அதைக் கேள்வியாகப் படிக்கவில்லை.

அதே நேரத்தில் ஒரு புகைப்படம் செல்பேசிகளில் சுற்றியது. கவிழ்ந்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டடம். அம்புக்குறி போட்டு, மசூதி என்று எழுதி, வெள்ளிக்கிழமை என்பதையும் சேர்த்து அனுப்பினார்கள். அது இஸ்கான் கோயில். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு முஸ்லிம், தலைமறைவாகிவிட்டார் என்று இன்னொரு பொய். அதற்கு ஒட்டிய படம் பல ஆண்டுகளுக்கு முன் ஆந்திரத்தில் எடுத்தது. ஒடிசா காவல்துறையே, மத வெறுப்பைத் தூண்டினால் நடவடிக்கை எடுப்போம் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. தொலைக்காட்சிகள் அந்தப் படத்தைப் பரப்பவில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் "சதியா?" என்று நாம் மூன்று நாள் ஓட்டினோம். சதிகாரன் யார் என்ற வெற்றிடத்தைத் திறந்து வைத்தவர்கள் நாம். அதில் தங்களுக்கு வேண்டாத முகத்தை வேறு யாரோ கொண்டுவந்து ஒட்டினார்கள்.

உண்மையில் அங்கே நடந்தது என்ன? இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்; நம்மில் பெரும்பாலோர் இதை ஒருமுறைகூட முழுதாக ஒளிபரப்பவில்லை.

ஒரு ஸ்டேஷனில் வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்புகிற பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தண்டவாளம் காலியாக இருக்கிறதா, கேட் மூடியிருக்கிறதா என்பவை எல்லாம் ஒத்துப்போனால்தான் பச்சை விழ வேண்டும். அப்படிப் பூட்டிவைக்கிற ஏற்பாட்டுக்குத்தான் இன்டர்லாக்கிங் என்று பெயர். அன்று பஹானகாவில் 94-ஆம் எண் லெவல் கிராசிங்கில், தடுப்பை மேலே தூக்கி இறக்குகிற மின் கருவியை மாற்றும் வேலை நடந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே வரிசை வரிசையாக ஒயர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் அது எதற்கான ஒயர் என்று எழுதிய சிறிய அடையாளம். அந்த அடையாளங்களில் சில தவறாக இருந்தன. 2018-இல் அந்த ஸ்டேஷனில் மின்சுற்றை மாற்றியபோதே நேர்ந்த பிழை அது. ஐந்து ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. அன்று வேலை செய்தவர்கள் அடையாளத்தை நம்பி இணைத்தார்கள். பாயின்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருக்க, அது மெயின் லைனுக்கு நேராக இருப்பதாக இன்டர்லாக்கிங் எடுத்துக்கொண்டது. பச்சை விழுந்தது. பச்சையைப் பார்த்து ஓட்டுநர் வந்தார். மணிக்கு 128 கிலோமீட்டர் வேகம். அந்தத் தடத்தில் அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள்தான்.

இன்னும் இருக்கிறது. 2022 மே 16 அன்று, அதே கரக்பூர் கோட்டத்தில், பாங்க்ரா நயாபாஜ் ஸ்டேஷனில் ஏறக்குறைய இதே போன்ற ஒயர் குழப்பம் நடந்திருந்தது. அப்போதே ஒழுங்காகச் சரிசெய்திருந்தால் பஹானகா விபத்து நடந்திருக்காது என்று பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொல்கிறது. விபத்துக்கு நான்கு மாதம் முன்பு, 2023 பிப்ரவரியில், கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷனில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் தவறான தடத்துக்குப் போகவிருந்து, ஓட்டுநரின் விழிப்பால் தப்பியது. இந்த ஏற்பாட்டில் கடுமையான குறை இருக்கிறது, உடனே சரிசெய்யாவிட்டால் பெரிய விபத்துகள் நடக்கும் என்று தென்மேற்கு ரயில்வேயின் மூத்த அதிகாரி ஒருவர் மறுநாளே எழுத்துமூலம் எச்சரித்தார்.

சதிகாரன் என்று யாரும் வரவில்லை. ஒரு தவறான அடையாளம், அதை ஐந்து ஆண்டுகள் சரிபார்க்காத வழக்கம், ஓராண்டுக்கு முன் வந்த எச்சரிக்கை, நான்கு மாதத்துக்கு முன் வந்த இன்னொரு எச்சரிக்கை. கோபப்பட வேண்டியது இங்கேதான். இந்தக் கோபத்துக்குப் போக ஒரு முகவரி உண்டு: ஆய்வு செய்ய வேண்டிய அலுவலகம், பணியிடங்களை நிரப்ப வேண்டிய வாரியம், பணம் ஒதுக்க வேண்டிய அமைச்சகம்.

ஆணையரின் அறிக்கை ஜூன் கடைசியிலேயே தயாராகிவிட்டது. சிபிஐ விசாரிக்கிறது, எனவே அதை வெளியிடமாட்டோம் என்று ரயில்வே தரப்பில் சொன்னார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பாதுகாப்பு ஆணையர் ரயில்வேயின் கீழ் இயங்குபவர் அல்லர். சுதந்திரமாக விசாரிக்க வேண்டும் என்பதற்காகவே அவரை விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். அவருடைய வேலை, ஏன் நடந்தது என்று கண்டுபிடிப்பது. சிபிஐயின் வேலை, யார் செய்தது என்று கண்டுபிடிப்பது. இரண்டாவது கேள்வியைக் காரணம் காட்டி முதல் கேள்விக்கான விடையை மூடி வைத்தார்கள். எந்த ஆசிரியரும் இதைத் தலைப்புச் செய்தியாக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

ஜூலை 7 அன்று சிபிஐ மூன்று பேரைக் கைது செய்தது. இரண்டு பேர் சிக்னல் பிரிவின் பொறியாளர்கள், ஒருவர் டெக்னீஷியன். அவர்கள் தவறு செய்திருந்தால் நீதிமன்றம் தண்டிக்கட்டும். ஆனால் அன்று நம் திரையில் "பாலசோர் விபத்து: குற்றவாளிகள் சிக்கினர்" என்று ஓடியதே, அதோடு வீடுகளில் ரிமோட்டை வைத்துவிட்டார்கள். ஆள் கிடைத்துவிட்டான், கதை முடிந்தது. அந்த மூவருக்கு மேலே இருந்த அடுக்குகள் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஜூலை 21 அன்று மாநிலங்களவையில் அமைச்சர் எழுத்துமூலம் பதில் கொடுத்தார். முன்பு சிக்னல் மின்சுற்றை மாற்றியபோது நேர்ந்த குறைகள், அன்று கேட்டில் நடந்த வேலையின் குறைகள் என்று அதில் இருந்தது. விபத்து நடந்து சரியாக 49 நாள். முதல் இரவு டீக்கடைக்காரர் கேட்ட கேள்விக்கு அரசு சபையில் பதில் சொன்ன நாள் அது. மணிப்பூரில் பெண்களை நிர்வாணமாக இழுத்துச் சென்ற வீடியோவைப் பார்த்து நாடு அன்று கொதித்துப்போயிருந்தது. நியாயமான கொதிப்பு, அதைப் பின்னுக்குத் தள்ளியிருக்க முடியாது. எங்கள் தொலைக்காட்சியில் இந்தப் பதில் பிற்பகல் புல்லட்டினில் 20 விநாடி வந்தது. அதை எழுதியவன் நான்தான். ஆறு வரி. இரவு விவாதத்துக்கு இதை எடுக்கலாமா என்று கேட்டேன். "இதில் என்ன இருக்கிறது, ஒயர் சமாச்சாரம்" என்றார்கள்.

இது ஒருமுறை நடந்தது என்றால் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன்.

2016 நவம்பர் 20 அன்று கான்பூருக்கு அருகே புக்ராயனில் இந்தூர் - பாட்னா எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு 150 பேர் அளவில் இறந்தார்கள். மூன்று மாதம் கழித்து, உத்தரப் பிரதேசத் தேர்தல் பிரச்சாரத்தில், எல்லைக்கு அப்பாலிருந்து தீட்டிய சதி என்று மேடையில் பேச்சு வந்தது. தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ விசாரித்தது. தொலைக்காட்சிகள் வாரக்கணக்கில் வரைபடம் போட்டுக் காட்டின. கடைசியில் குற்றப்பத்திரிகையே தாக்கல் ஆகவில்லை. பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை 2020-இல் வந்தது: பெட்டியில் ஏற்பட்ட இயந்திரக் கோளாறு. சதியை நம்பிய எத்தனை பேருக்கு அந்த அறிக்கை போய்ச் சேர்ந்தது? நாம் எடுத்துப்போயிருந்தால்தானே சேரும்.

2024 ஜூன் 17 அன்று நியூ ஜல்பாய்குரி அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் ஒரு சரக்கு ரயில் மோதியது. சில மணி நேரத்திலேயே ரயில்வே வாரியத் தலைவர், சரக்கு ரயில் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என்றார். அந்த ஓட்டுநர் இறந்துவிட்டார். மறுத்துப் பேச ஆளில்லை. உதவி ஓட்டுநரும் இறந்துவிட்டதாக முதலில் சொன்னார்கள். அவர் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். ஓட்டுநர்கள் மீது போலீசில் பதிவான புகார், காயமடைந்த ஒரு பெண் பயணியின் பெயரில் இருந்தது. அவரோ, நான் புகாரே கொடுக்கவில்லை, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்றார். அடுத்த மாதம் ஆணையரின் அறிக்கை வந்தது. சிக்னல் பழுதானால் வண்டியை எப்படி நகர்த்துவது என்பதில் குளறுபடி, ஓட்டுநருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டே தவறானது, ஊழியர்களுக்குப் போதிய விளக்கம் தரப்படவில்லை. எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடிய விபத்து என்றே அதில் குறிப்பிட்டிருந்தார். இறந்த ஓட்டுநரின் வீட்டில் அன்று மாலை தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்திருக்கும். அந்த வீட்டார் நம் ஸ்க்ரோலைப் படித்திருப்பார்கள்.

அரசுகளின் கணக்கு எனக்குப் புரிகிறது. பெருந்துயரம் நடந்ததும் மக்களின் கோபம் எங்கே போய் உட்காரும் என்பது ஆளும் யாருக்கும் கவலைதான். எந்தக் கட்சியானாலும் அப்படித்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்துபோனார்கள். நாம் மாதக்கணக்கில் ஆசிரியைகளையும் சமையல்காரரையும்தான் திட்டித் தீர்த்தோம். கூரைக் கொட்டகைக்கு அங்கீகாரம் கொடுத்த கையெழுத்துகளைத் திட்டியது குறைவு. பத்தாண்டு கழித்து, 2014-இல் தீர்ப்பு வந்தபோது 11 பேர் விடுதலையானார்கள். அவர்களில் கல்வித் துறை அதிகாரிகளும் இருந்தார்கள். பெற்றோர்கள் நீதிமன்ற வாசலில் கதறினார்கள். நமக்கு அன்று அது நல்ல காட்சி.

எதிர்க்கட்சிகள் கேட்கிற ராஜினாமாவும் பல நேரம் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு ரயில் விபத்துக்கும் நம் விவாத அரங்கில் யாராவது லால் பகதூர் சாஸ்திரியை அழைத்து வந்துவிடுவார்கள். 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 150 பேர் அளவில் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி பதவி விலகினார். பெரிய மனிதர், பெரிய செயல். ஆனால் இன்று அரியலூர் என்றால் நமக்கு அவர் பெயர் ஒன்றுதான் தெரியும். பாலம் எப்படிப் போயிற்று, வெள்ளம் வருமென்று தெரிந்தும் வண்டியை விட்டார்களா, பிறகு என்ன மாற்றினார்கள் என்று விவாத அரங்கில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

ஆக, அரசு ஒரு முகத்தைக் காட்டுகிறது, எதிர்க்கட்சி இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நடுநிலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாலசோருக்கு வந்து நின்ற ஊர் மக்களை நினைத்துப் பாருங்கள். இருட்டில் செல்பேசி வெளிச்சத்தில் பெட்டிகளுக்குள் புகுந்து ஆட்களை இழுத்தவர்கள் அவர்கள்தான். ரத்தம் கொடுக்க மருத்துவமனை வாசலில் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். பஹானகா உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறைகளில்தான் உடல்களைக் கிடத்தினார்கள். பிறகு பிள்ளைகள் அங்கே வரப் பயந்தார்கள் என்று அந்தப் பழைய கட்டடத்தையே இடித்தார்கள். அக்டோபரில், யாரும் உரிமை கோராத 28 உடல்களைப் புவனேஸ்வரத்தில் எரியூட்டினார்கள். நான்கு மாதம் குளிர்பதனப் பெட்டியில் கிடந்த உடல்கள். இவர்களைப் பார்த்து எழுந்த கோபம், அந்த வெள்ளிக்கிழமை இரவு நாடு முழுவதும் இருந்த கோபம், மிகச் சுத்தமானது. அதில் மதம் இல்லை, கட்சி இல்லை. மூன்று நாளில் அதை நாம் என்ன செய்துவிட்டோம்!

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. விபத்து நடந்த அன்று, பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை எப்போது வரும் என்று கேளுங்கள். அந்தத் தேதியை உங்கள் டெஸ்க் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வராவிட்டால், வரவில்லை என்பதையே அன்றைய முதல் செய்தியாகப் போடுங்கள். முதல் இரவு ஒதுக்கிய நேரத்தில் பாதியையாவது அறிக்கை வந்த இரவுக்கு ஒதுக்குங்கள். ஓய்வு பெற்ற சிக்னல் பொறியாளர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கட்சிக்காரர்கள் நால்வரின் நாற்காலியில் ஒன்றை அவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள். "சதியா?" என்று போடும்படி மேலிடம் சொன்னால், எதை வைத்து என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலை போயிருக்காது. அதிகம் போனால் ஒரு திட்டு கிடைத்திருக்கும்.

அந்தப் பையன் இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறான். அவன் அண்ணன் ஊரோடு இருந்துவிட்டான். தாங்கித் தாங்கி நடக்கிறானாம், கட்டட வேலைக்கு இனி ஏற முடியாது. போன மாதம் சாப்பிடப் போனபோது, எப்படி மோதியது என்று கடைசியில் கண்டுபிடித்தார்களா என்று கேட்டான். அவன் செய்தி பார்க்காதவன் அல்லன். கடையில் நாள் முழுக்கத் தொலைக்காட்சி ஓடுகிறது. "சதி என்றுதானே சொன்னார்கள்?" என்றான். செல்பேசியில் அந்த மாநிலங்களவைப் பதிலையும் ஆணையரின் அறிக்கை பற்றிய செய்திகளையும் தேடி எடுத்து, எனக்குத் தெரிந்த இந்தியில் அவனுக்குச் சொன்னேன். ஒயர், பெயர் மாறிப்போன அடையாளம், 2018, பாங்க்ரா நயாபாஜ். மாவை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்து, "மற்ற ஸ்டேஷன்களில் பார்த்துவிட்டார்களா அண்ணா? தீபாவளிக்கு நான் ஊருக்குப் போக வேண்டும்" என்றான்.

இப்படிக்கு,
உங்களோடு வேலை பார்த்த ஒரு துணை ஆசிரியர்